பதினோரு பிளக்குகளும் ஒரு நீல வயரும்

மின்னல் பிளக் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தவன் நான். சுவரில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றைக் காலியாக விட்டுவிட்டால் மின்னல் வந்து எட்டிப் பார்க்கும், ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விடும். எனக்குத் தெரிந்த அறிவியல் அவ்வளவுதான்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போன வாரம் நான் ஸ்கூட்டரோடு வாய்க்காலில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்ததாக நாலைந்து பேர் கடிதம் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் விழுந்தது நான் இல்லை.

அதனால்தான் இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை, மூன்று மணி

ஐப்பசி மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் முழுக்க ஒரே நாடகம். காலையில் தலை வெடிக்கிற வெயில். மதியச் சோற்றுக்குப் பிறகு தோவாளை மலைக்கு மேல் கறுப்புக் கட்டும். மூன்று மூன்றரைக்கு இடி.

நான் வீட்டுப் படம் வரைகிறவன். வீடு கட்டுவதற்கு முன்னால் எந்த அறை எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று அளவோடு வரைந்து கொடுப்பது என் தொழில். நாகர்கோவிலில் ஒரு பொறியாளரிடம் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல், வீட்டிலேயே ஜன்னல் ஓரம் ஒரு மேசை போட்டுக்கொண்டேன். மேசைமேல் கம்ப்யூட்டர். மேசைக்குக் கீழே யூ.பி.எஸ். பெட்டி.

அன்றைக்குத் திரையில் இருந்தது எங்கள் தெருவில் மீன் விற்கிற மேரி அக்காவின் வீடு. இரண்டு அறை, ஒரு அடுக்களை, முன்னால் மீன் சருவம் என்கிற அகலப் பாத்திரத்தை இறக்கி வைக்க ஒரு சிறிய திண்டு. கடைசிக் கோட்டையும் போட்டு முடித்திருந்தேன். வலது கீழ்மூலையில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். மூன்று பிரதி அச்செடுத்து, மூன்றிலும் மையால் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தோடுதான் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அச்செடுக்க நாகர்கோவில் கடைக்குப் போக வேண்டும். அதற்குப் படத்தைப் பென் டிரைவில் போட வேண்டும். ஒரு நிமிட வேலை.

கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி சுசீலா குரல் கொடுத்தாள்.

"இஞ்ச பாருங்க, மல மேல நல்லாக் கறுத்துட்டு. இடி கேக்கு."

அவ்வளவுதான். என் தலைக்குள் யாரோ மணியடித்தார்கள். எழுந்து ஓடினேன். ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின், மிக்சி, கிரைண்டர், தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின், மேசை ஃபேன், இன்வெர்ட்டர், இரண்டு போன் சார்ஜர் என்று வரிசையாகப் பிடுங்கினேன். இஸ்திரிப்பெட்டி எதிலும் சொருகியிருக்கவில்லை. இருந்தாலும் அதன் பிளக்கை சுவரிலிருந்து நாலடி தள்ளி வைத்தேன். பிறகு நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன்.

"அது பேட்டரியில ஓடுகது," என்றாள் சுசீலா.

"மின்னலுக்கு அது தெரியுமாட்டி?"

கடைசியாக மேசைக்கு வந்தேன். சுசீலா துணிக்குவியலோடு வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்:

"அந்தப் படத்த மொதல்ல பென் டிரைவ்ல போட்டுட்டு அணைச்சா என்ன? கரண்டு போனாலும் பெட்டி பத்து நிமிசம் தாங்கும்லா? அதுக்குத்தான வாங்குனது?"

"பத்து நிமிசம் நம்ம கையில இல்லட்டி."

அணைத்தேன். யூ.பி.எஸ். பிளக்கையும் பிடுங்கினேன். பதினோராவது பிளக். பிறகு வீட்டின் நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தடி ஒன்பது அங்குலம், எண்பத்தாறு கிலோ, பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம். சுசீலா என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு போர்வையைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கேலி என்பது பிறகுதான் உறைத்தது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதே நொடியில் என் கம்ப்யூட்டரின் முதுகில் 'டப்' என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. பிறகு பிளாஸ்டிக் கருகின நாற்றம்.

நான் பிளக்கைப் பார்த்தேன். அது தரையில் கிடந்தது.

மேரி அக்கா

மேரி அக்காவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊரிலிருந்து காலை பஸ்ஸில் அலுமினியச் சருவத்தோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்கிறவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நான் வேலையில்லாமல் இருந்த காலத்தில் வாசலில் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, சாளை வாங்க வேண்டாம், சும்மா ஒரு பாட்டம் பேசிட்டு இரி," என்று சொல்லிப் பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்று முதலில் கண்டுபிடித்தது அவள்தான். பிறகு அதற்காக வருத்தப்பட்டதும் அவள்தான்.

அவள் இருப்பது கடலுக்கு எதிரே ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆனி ஆடியில் கடல் ஏறும்போது அலை பின்சுவரில் வந்து அடிக்கும். வருடாவருடம் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு கோயில் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் போய்ப் படுப்பாள். போன ஆடியில் பின்சுவர் பாதி போய்விட்டது. அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறாள்.

ஒரே மகன் அருள். வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் போடுகிற வேலை. கேம்ப் பாலைவனத்துக்கு உள்ளே. கூரியர், தபால் எதுவும் அங்கே போகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் விடுப்பு. ரோட்டுக்கு இந்தப் பக்கம், கடல் வராத இடத்தில் நாலு சென்ட் வாங்கிப் போட்டிருந்தான். பத்திரம் அவன் பெயரில். அதனால் படத்தில் கையெழுத்தும் அவன்தான் போட வேண்டும்.

அவனுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தான். நான்தான் அந்த நேரத்தைச் சொன்னேன். "மேரிக்காவுக்கு அரண்மனை ரெடியா இருக்கும் மக்கா," என்றும் சொன்னேன். எனக்கு வாய் சும்மா இராது.

பெட்டிகளின் வரலாறு

என்னுடைய பயம் ஒரே நாளில் வந்தது இல்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

முதல் கம்ப்யூட்டர் வாங்கின காலத்தில் எங்கள் வீட்டில் கரண்டு என்பது விருந்தாளி மாதிரி. வந்தால் சந்தோஷம், எப்போது கிளம்பும் என்று கேட்கக் கூடாது. வந்த கரண்டும் ஒழுங்காக வராது. பக்கத்து வயலில் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு பல்ப் மஞ்சளாகும். மோட்டாரை அணைத்தால் பல்ப் வெள்ளையாகிக் கண்ணைக் குத்தும். அந்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவில் நான் ஒரு திருமண மண்டபத்தையே தொலைத்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடம் வரைந்து முடித்து, சேமிக்கிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகும்போது திரை கறுத்தது. இருநூறு பேர் உட்காரும் கூடம், பந்தியோடு காணாமல் போனது.

அதன் பிறகு ஸ்டெபிலைசர் வாங்கினேன். அதற்குப் பிறகு யூ.பி.எஸ். அந்தப் பெட்டி கரண்டு போனதும் 'பீப் பீப்' என்று கூப்பாடு போடும். சேமித்துவிட்டு அணைத்துக்கொள் என்பதற்குத்தான் அந்தச் சத்தம். என் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம். முதல் பீப் கேட்டதும் சுசீலா மிக்சியைக் கொண்டுவந்து அதன் பின்னால் சொருகித் தேங்காய்ச் சட்னி அரைப்பாள். இரண்டு வருடத்தில் பேட்டரி செத்தது. கம்பெனிக்காரன்மேல் நான் ஒரு மாதம் கோபமாக இருந்தேன்.

பிறகு ஒருவன், சிவப்பு விளக்கு எரிகிற பிளக் பலகையைக் கொண்டுவந்து, இதைத் தாண்டி இடி வராது என்று விற்றான். வாங்கினேன். அந்த விளக்கு எரிவதைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் நன்றாக வரும். அது வெறும் விளக்குதான், உள்ளே வேறு ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. விற்றவனைத் தேடிக்கொண்டு வடசேரிச் சந்தைவரை போனேன். கிடைக்கவில்லை. அவன் நல்ல நேரம்.

இப்படி ஒவ்வொரு முறையும் ஏதாவது போகும், நான் யார்மேலாவது கோபப்படுவேன். கோபப்படுவதில் எனக்கு ஒரு திறமை வந்திருந்தது. இப்போது யோசித்தால், என் வீட்டில் சரியாக வேலை செய்த ஒரே மெஷின் அந்தக் கோபம்தான்.

சாட்சிப் பொருள்

வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

மழை விட்டதும் எல்லாப் பிளக்கையும் சொருகினோம். ஃப்ரிட்ஜ் ஓடியது. டி.வி. ஓடியது. பேட்டரிக் கடிகாரமும் ஓடியது. கம்ப்யூட்டர் மட்டும் பொத்தானை அமுக்கினால் பிணம் மாதிரிக் கிடந்தது. யூ.பி.எஸ். பெட்டி மட்டும் உயிரோடு இருந்து, பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு உதை உதைத்தேன். எனக்குத்தான் வலித்தது.

"கடைக்குக் கொண்டு போங்க," என்றாள் சுசீலா. "மணி நாலேகால்தான் ஆவுது. நாகர்கோவில்ல கட ஏழு மணி வர உண்டு."

"கொண்டு போறதா? எதுக்கு? அவன் கழத்திப் போட்டுட்டா சாட்சி என்ன இருக்கு?"

"என்ன சாட்சி?"

"நான் எல்லாப் பிளக்கையும் புடுங்கினேன். நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"பொறவு எப்படிக் கரிஞ்சுது? லைன்ல கோளாறு. கரண்டு ஆபீஸ்காரன் வந்து பாக்கணும். எழுதித் தரணும், எங்க தப்புன்னு."

கையால் ஒரு வெள்ளைத் தாளில் 'தொடக்கூடாது' என்று கொட்டையாக எழுதிக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டினேன். பிறகு உட்கார்ந்து புகார் எழுத ஆரம்பித்தேன். ஆறு பக்கம். மஞ்சள் பல்ப் காலத்திலிருந்து ஆரம்பித்து, திருமண மண்டபம், பிளக் பலகை எல்லாவற்றையும் சேர்த்தேன். மூன்றாவது பக்கத்தில் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படி ஒரு நல்ல எழுத்து. இந்தத் தொடரில்கூட நான் அப்படி எழுதியதில்லை.

மேரி அக்காவின் பெயர் அந்த ஆறு பக்கத்திலும் இல்லை.

ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே மின்சார அலுவலக வாசலில் நின்றேன். முந்தின நாள் மழையில் கம்பம் சாய்ந்த இடங்களுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குப் பொறியாளர் உள்ளே கூப்பிட்டார். தலை நரைத்த, பொறுமையான மனிதர். ஆறு பக்கத்தையும் படித்தார். நிஜமாகவே படித்தார். அதுவே என்னைச் சங்கடப்படுத்தியது.

"ஐயா, எல்லாப் பிளக்கையும் புடுங்கிட்டதா எழுதியிருக்கியளே?"

"பதினொண்ணையும்."

"கம்ப்யூட்டர் பிளக்கையுமா?"

"கடைசியா அதத்தான் புடுங்கினேன். எனக்க வீட்டுக்காரி சாட்சி."

"அப்பம் எங்க கரண்டு எந்த வழியா உள்ள வந்துது?"

நல்ல கேள்வி. ஒரு மனிதனுக்குப் புத்தி இருந்தால் அந்த இடத்தில் அவன் நிற்க வேண்டும். பிளக் வழியாக வரவில்லை என்றால் வேறு எந்த வழியாக வந்தது என்று யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. மேசையைத் தட்டினேன்.

"அத நீங்கதான் சொல்லணும். நானா இஞ்சினியரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஆள் அனுப்புகேன். கம்பத்து வேலை முடிஞ்சா வருவாங்க."

நாலு மணி என்பது என் காதில் நின்றது. கம்பத்து வேலை முடிந்தால் என்பதை அலுவலக வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

"அத மட்டும் சொல்லு"

வீடு வந்தபோது மணி பன்னிரண்டு. வாசலில் ஒரு பைக் நின்றது. உள்ளே மேரி அக்காவும் அருளும். மேரி அக்கா அன்றைக்கு மீன் கொண்டுவரவில்லை. பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டின சேலை, தலையில் பூ. கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வந்திருக்கிறாள். அருள் சட்டைப் பையில் புதுப் பேனா ஒன்று சொருகியிருந்தான்.

இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுசீலா விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

நான் உள்ளே நுழைந்ததும் அலுவலகக் கதையை ஆரம்பித்தேன். பொறியாளர் கண்ணாடி துடைத்ததை நடித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

மேரி அக்கா என் கம்ப்யூட்டரையும் அதன் நெற்றிச் சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"எய்யா, இந்தப் பெட்டிக்குள்ள என் வீடு இருக்கா, செத்துப் போச்சா? அத மட்டும் சொல்லு."

"எல்லாம் கரிஞ்சு போச்சுக்கா."

"உள்ள தொறந்து பாத்தியா?"

"தொறக்கப்பிடாது. ஆபீஸ்லருந்து ஆள் வாறாங்க, நாலு மணிக்கு. அதுக்குப் பொறவு பாக்கலாம்."

அருள் எழுந்தான். "அண்ணே, நான் பைக்குல வச்சு நாகர்கோவிலுக்குக் கொண்டு போறேன். ஒரு மணிக்கூர்ல பாத்துச் சொல்லிருவாங்க. படம் கெடைச்சா அங்கயே பிரிண்ட் எடுத்து, அங்கயே கையெழுத்தப் போட்டுட்டு வந்துருவேன்."

"தம்பி, அது சாட்சிப் பொருள்."

"அண்ணே, எனக்கு நாளைக்கு ஃப்ளைட்டு."

"எனக்குத் தெரியாதா? நாலு மணிக்கு அவன் வந்து பாத்தான்னா, அஞ்சு மணிக்கு நானே எடுத்துட்டுப் போறேன். ராத்திரிக்குள்ள உனக்க வீட்டு வாசல்ல கொண்டு வந்து தாறேன், போருமா?"

அருள் அம்மாவைப் பார்த்தான். மேரி அக்கா என்னைப் பார்த்தாள்.

"காகிதத்துல கையால வரையப்பிடாதா தம்பி? நீ முந்தி பெரிய பலகை வச்சு வரைவேன்னு சொல்லுவல்லா?"

"இப்பம் அது செல்லாதுக்கா. கம்ப்யூட்டர்ல வரஞ்சது வேணும். சும்மா தெரியாம ஒண்ணும் சொல்லாத."

குரல் உயர்ந்துவிட்டது. சுசீலா அடுக்களை வாசலிலிருந்து, "எதுக்கு அவங்கட்ட சாடுகியோ?" என்றாள். நான் அவளிடமும் சாடினேன். இந்த நாட்டில் கேள்வி கேட்க யாருமே இல்லையா, நான் ஒருத்தன் கேட்டால் குறுக்கே நிற்கிறீர்களே என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நாற்பது நிமிடம் இருக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் அந்தப் பைக் நாகர்கோவிலுக்குப் போய் வந்திருக்கலாம்.

மூன்று மணிவரை இருந்தார்கள். அருளுக்குப் பெட்டி கட்ட வேண்டும், சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பையில் சொருகிக்கொண்டான். மேரி அக்கா, "நாலு மணி ஆளு வந்ததும் போன் பண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

நீல வயர்

நாலு மணிக்கு யாரும் வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. கம்பம் சாய்ந்த இடத்தில் அவர்கள் நனைந்துகொண்டு நின்றிருக்க வேண்டும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டு, வராத ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தங்கராஜ் அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். வளைகுடாவில் இருபது வருடம் இருந்து திரும்பியவர். அவர் வீட்டில்தான் இன்டர்நெட் கனெக்‌ஷன். இரண்டு வீட்டுக்கு எதற்கு இரண்டு கனெக்‌ஷன் என்று, அவர் வீட்டு ரௌட்டரிலிருந்து ஒரு நீல வயரை இழுத்து, நடுவிலிருக்கும் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி, என் ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டர் முதுகில் சொருகியிருந்தோம். தேங்காய் வெட்ட ஆள் ஏறும்போதெல்லாம் அறுப்பான். நான் முறுக்கிச் சேர்த்து டேப் ஒட்டுவேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்படித்தான். கொடி கட்டின மாதிரி தென்னைக்குத் தென்னை வயர் போகும்.

"என்னவே, காலத்தயிருந்து ஒரே சத்தம்?" என்றார்.

சொன்னேன். பதினோரு பிளக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

"எனக்க வீட்டுலயும் ரௌட்டரு போச்சு, டி.வி. போச்சு. நான் யாரையாவது ஏசினனா? மேல பாரும்வே."

பார்த்தேன். தென்னையின் குருத்து கருகித் தலை தொங்கிப்போயிருந்தது. தண்டில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. வயர் சுற்றியிருந்த இடத்தில் நீலப் பிளாஸ்டிக் உருகி மரத்தோடு ஒட்டியிருந்தது. அங்கிருந்து அது நேராக என் ஜன்னலுக்குள் போனது.

ஒருநாள் முழுக்க அந்த மரம் என் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. ஒருதடவை தலையை நிமிர்த்தியிருந்தால் போதும்.

"அதுல நெட்டுதான வரும்?" என்றேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். அந்த வயரில் பாட்டு, படம், வாட்ஸப் இதெல்லாம்தான் வரும் என்பது என் எண்ணம். ஃப்ரிட்ஜைக் கழற்றினேன், கடிகாரத்தைக் கழற்றினேன், சும்மா கிடந்த இஸ்திரிப்பெட்டியை நாடு கடத்தினேன். அந்த வயரைத் தொடவே இல்லை.

"அதுக்குள்ள என்ன, நூலா இருக்கு? செம்புக் கம்பிவே," என்றார் தங்கராஜ் அண்ணன்.

தப்பு ஒப்புக்கொள்கிற ஆளாக இருந்தால் நான் அப்போதே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். மணி ஐந்தே முக்கால். கடை ஏழு வரை. ஆனால் எனக்கு ஆறு பக்கம் எழுதின கை இன்னும் சூடாக இருந்தது. வயர் உம்முடையது, ரௌட்டர் உம்முடையது, இடி உம்ம வீட்டு வழியாகத்தான் வந்தது என்று அவரோடு சண்டை பிடித்தேன். மரம் உம்முடையது என்று அவர் திருப்பிப் பிடித்தார். மரம் வாய்க்கால் புறம்போக்கு என்று நான். தெருவில் ஆள் கூடினது. அதிலொருவன் பேச்சுக்கு நடுவில் போனில் படம் பிடித்தான். சண்டை முடிந்து திரும்பிப் பார்த்தால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேரி அக்கா இரண்டு தடவை போன் பண்ணியிருந்தாள். எல்லாம் கரிந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சுசீலாவைச் சொல்லச் சொன்னேன். அதுதான் உண்மை என்று நானும் நம்பினேன். நம்பினேனா, நம்ப வசதியாக இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை

காலையில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனேன். கடை பத்தரைக்குத்தான் திறந்தார்கள். வேலை பார்க்கிறவள் ஷீபா என்ற பெண். என் பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் அடக்கம் செய்தவள். நெற்றிச் சீட்டை வாசித்துவிட்டு, உரித்துக் குப்பையில் போட்டாள்.

மூடியைத் திறந்தாள். நெட் வயர் சொருகுகிற இடம் கரிக்கட்டையாக இருந்தது. அதைச் சுற்றிப் பலகையிலும் கருகல்.

"மதர்போர்டு போச்சு சார். இடி நேரத்துல பிளக்க மட்டும் புடுங்கினா போராது. நெட் வயரையும் கழத்தணும். யூ.பி.எஸ். கரண்டு போனாத் தாங்குமே தவிர, இடியத் தாங்காது. அது போட்டும், வீட்டுல எர்த்து ஒழுங்கா உண்டா?"

நூற்றுக்கணக்கான வீட்டுப் படங்களில் எர்த் குழி எங்கே என்று குறித்துக் கொடுத்தவன் நான். என் வீட்டு எர்த்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"படம் எல்லாம் போயாச்சு, இல்லியா?" என்றேன்.

"யாரு சொன்னா?"

ஹார்டு டிஸ்கை இரண்டு திருகாணி கழற்றி எடுத்தாள். ஒரு கேபிளில் மாட்டித் தன்னுடைய கம்ப்யூட்டரில் சொருகினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையாக என் கோப்புகள் வந்தன. மேரி அக்கா பெயர் போட்ட கோப்பை நானே தொட்டுத் திறந்தேன். இரண்டு அறை, அடுக்களை, முன்னால் திண்டு. ஒரு கோடும் கெடவில்லை.

"டிஸ்குக்கு ஒண்ணும் ஆவல சார். வியாழக்கிழமையே கொண்டு வந்திருக்கலாம்லா?" என்றாள் ஷீபா.

மணி பதினொன்று ஐந்து.

திங்கட்கிழமை மேரி அக்கா சருவத்தோடு வந்தாள். எதையாவது சொல்லிச் சமாளிக்க எனக்குத் தெரியும். சொல்லவில்லை. படம் கிடைத்துவிட்டது என்றேன்.

"எப்பம்?"

"சனிக்கிழமை. ஆனா அது கெட்டே போவலக்கா. உள்ள அப்படியே இருந்துது."

"வெள்ளிக்கிழம நாங்க இஞ்ச இருக்கும்போதும் இருந்துதா?"

"இருந்துது."

அவள் சருவத்தைக் கீழே இறக்கவே இல்லை. அப்படியே திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. அடுத்த தெருவோடு போய்விடுகிறாள்.

மூன்று பிரதியும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. அருளுக்கு அடுத்த விடுப்புக்கு இன்னும் பதினான்கு மாதம். இந்த ஆடியிலும் கடல் ஏறியது. மேரி அக்கா பள்ளிக்கூடத்தில்தான் படுத்திருந்தாள்.